முன் என்று படித்தேன்

செப்டம்பர் 28, ஞாயிறு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறிக்கொள்கின்றன, சில கீழே தொங்குகின்றன. 'ண' வரும்போது சுழியை எண்ணிக்கொண்டே எழுதுவதால் பேனா அழுந்திப் பின்பக்கத் தாளிலும் தெரிகிறது. இந்த நாலைந்து வரிக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது. கை வலிக்கிறது. ஆனால் எழுந்துபோக மனம் வரவில்லை.

என் பெயர் வெள்ளிங்கிரி. வயது அறுபத்தெட்டு. இதை நானே எழுதினேன். இதற்கு முன் என் பெயரை எழுதியவர்கள் எல்லாம் வேறு ஆட்கள்.

மாநகராட்சிப் பள்ளியில் சாயங்கால வகுப்பு நடத்தும் எஸ்தர் டீச்சர் இந்த நோட்டைக் கொடுத்தார். வாரத்துக்கு ஒரு முறையாவது தேதி போட்டு எழுத வேண்டும். என்ன நடந்ததோ அதை எழுதலாம். எழுத்துப் பிழையை மட்டும்தான் பார்ப்பேன், விஷயத்தைப் படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

நாற்பது வருடம் லாரியில் கிளீனராக இருந்தேன். போர்டு எல்லாம் டிரைவர்தான் படிப்பார். இப்போது ஆறு வருடமாகக் கோயம்புத்தூரில் ஒரு சர்வே கம்பெனியில் வேலை. வண்டியைக் கழுவுவது, பூட்டுவது, கூடப் போவது. அந்த வண்டி சாலையில் போய்க்கொண்டே விளக்குக் கம்பம் எங்கே, சாக்கடை மூடி எங்கே என்று படம் எடுக்கும். கூரை மேல் இட்லித் தட்டைக் கவிழ்த்த மாதிரி வெள்ளையாக ஒன்று இருக்கிறது. அது செயற்கைக்கோளோடு பேசும். வண்டிக்குள் நடு சீட்டுக்கு அடியில், மரப்பலகை மூடிக்குள், இரண்டு செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அது எதற்கு என்று எங்கள் இன்ஜினியர் தாரணி அம்மிணியிடம் ஒரு நாள் கேட்டேன். பேத்தி வயதுப் பெண். தாராபுரத்துக்காரி. தாயைப் பெற்ற தாத்தாவைக் கூப்பிடுவது போல என்னை அப்புச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"செயற்கைக்கோள் நாம எங்க இருக்கறோம்னு சொல்லிட்டே இருக்குமுங்க அப்புச்சி. மேம்பாலத்துக்கு அடியில போயிட்டா அதுக்கு நம்மளத் தெரியாது. அப்ப இந்தப் பெட்டி, வண்டி எவ்வளவு வேகமாத் தள்ளுச்சு, எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு தானாக் கணக்குப் போட்டுட்டுப் போவும். கண்ண மூடிட்டு நடக்கற மாதிரி."

கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் முட்டிக்கொள்ளாதா என்றேன்.

"முட்டும். துளித்துளியாத் தப்பு சேந்துட்டே போவும். வெளிய வந்ததும் செயற்கைக்கோள் திருத்திவுடும். ரெண்டும் சேந்தாத்தான் வேலை ஆவும்."

என்னை வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான். சம்பள ரெஜிஸ்டரில் நான் கைநாட்டு வைப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெருவிரலுக்கு ஓய்வு குடுக்கலாமுங்களா அப்புச்சி" என்று கேட்டு, மறுநாளே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

இன்று ஞாயிறு இல்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை ஆறு மணிக்கே போய் வண்டியைக் கழுவினேன். டயர் இடுக்கில் இருந்த மண்ணைக்கூட விடவில்லை. உள்ளே சீட்டைத் தூக்கி, பலகை மூடியைத் திறந்து, பெட்டியையும் துடைக்கலாம் என்று பார்த்தேன். அடியில் தூசி. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நாலு போல்ட்டையும் கழற்றி வெளியே எடுத்தேன். ஈரத்துணி போடவில்லை. காய்ந்த துணியால்தான் துடைத்தேன்.

பெட்டியின் ஒரு பக்கத்தில் வெள்ளை டேப்பில் தாரணி அம்மிணி ஏதோ எழுதி ஒட்டியிருந்தாள். இத்தனை நாள் அதை விலைச்சீட்டு என்று நினைத்திருந்தேன். இன்று சும்மா எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். மு. அப்புறம் ன், மேலே புள்ளி. முன். யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் இந்தச் சொல் இன்னும் வரவும் இல்லை. வண்டிக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு முன், முன், முன் என்று மூன்று தடவை சொன்னேன்.

முன் என்றால் அதுதான் முகம். அந்தப் பக்கம் டேப்புக்கு மேலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். திரும்ப வைக்கப் போகும்போதுதான் கவனித்தேன், அந்த முகம் இத்தனை நாள் டிரைவர் பக்கமாகத் திரும்பி இருந்திருக்கிறது. பின்கதவு வழியாக ஏறுகிற எங்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு. டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரை ரோட்டைப் பார்த்து யாரும் வைப்பதில்லை. நம்மைப் பார்த்துத்தான் வைப்போம். அதனால் பெட்டியைத் திருப்பி, முகம் நம்மைப் பார்க்கும்படி வைத்தேன். வயர் நீளமாக இருந்தது, எட்டியது. நாலு போல்ட்டும் சரியாகப் பொருந்திற்று. இறுக்கி, மூடியைப் போட்டேன்.

பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்தோம். தாரணி அம்மிணி பொரியைத் தின்றுகொண்டே உள்ளேயும் சுத்தம் செய்தாயிற்றா என்று கேட்டாள். ஒன்று விடாமல் துடைத்துவிட்டேன் என்றேன். முன் என்று படித்ததைச் சொல்லவில்லை. வகுப்பில் அந்தச் சொல் வந்த பிறகு ஒரு நாள் திடீரென்று படித்துக் காட்டி அசத்த வேண்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

தேங்காய் பன். இந்தச் சொல்லை அவினாசி ரோட்டில் ஒரு பேக்கரி போர்டில் படித்தேன். பிறகு உள்ளே போய் ஒன்று வாங்கித் தின்றேன். படித்ததைத் தின்றது இதுதான் முதல் தடவை.

வீட்டில் மரகதம் மாத்திரை அட்டையை நீட்டி இதைப் படியுங்கள் பார்ப்போம் என்றாள். அது இங்கிலீஷ் என்றேன். அப்படியானால் பாதி ஆள்தான் என்று சிரித்தாள். அவள் என் பெண்டாட்டி. அவளுக்கும் எழுத்துத் தெரியாது, ஆனால் வாய் நன்றாகத் தெரியும்.

நாளையிலிருந்து மேம்பாலத்துக்கு அடியில் வேலை. மேலே பாலம், கீழே ரோடு. மேம்பாலம் முழுக்க, நுனி முதல் நுனி வரை.

அக்டோபர் 12, ஞாயிறு

வாரம் முழுவதும் வண்டி பாலத்துக்கு அடியில் போய் வந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் வரைபடத்தில் ஒரு விளக்குக் கம்பம் ரோட்டோரம் இல்லாமல் பேக்கரிக்குள் நிற்கிறதாம். எங்கள் டிரைவர் மயில்சாமிக்கு இப்படி ஒன்று கிடைத்தால் விடுவாரா.

"ஏனுங் அம்மிணி, உங்க கம்பம் உள்ள போய் டீ குடிச்சுட்டு இருக்குதாட்ட இருக்குது. பில்லு யாருங்க குடுக்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்கடை மூடி இரண்டு ஜவுளிக்கடையில் துணி மாற்றும் அறைக்குள் இருக்கிறது என்று தாரணி அம்மிணி சொன்னதும் இன்னும் சிரிப்பு. ஆனால் அவள் கண் திரையை விட்டு அகலவில்லை. திறந்த வெளியில் எல்லாம் சரியாக இருக்கிறது, பாலத்துக்கு அடியில் போனால்தான் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இந்த வாரம் வகுப்பில் மேல், கீழ், முன், பின் வந்தது. டீச்சர் கேட்பதற்கு முன்பே முன் என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

முதலாளி ரகுநாதன் சார் நேற்று சத்தம் போட்டார். பத்து நாள் வேலையில் பாலத்துக்கு அடியில் எடுத்தது ஒன்றும் ரோட்டில் உட்காரவில்லை. தாரணி அம்மிணி கூரை மேலிருக்கும் தட்டைப் பார்த்தாள், வயரைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் எழுதியதையெல்லாம் சரி பார்த்தாள்.

சாயங்காலம் டீக்கடையில் மயில்சாமி, பெட்டிக்கு வயதாகிவிட்டதா என்று கேட்டார். அவள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை மேஜை மேல் வைத்துக் காட்டினாள்.

"இதுக்குக் கண்ணு இல்லீங்ணா. முன் எது, பின் எதுன்னு நாமதான் சொல்லி வெக்கோணும். நான் முன்னுன்னு எழுதி ஒட்டினதே அதுக்குத்தான். அந்தப் பக்கம் ரோட்டப் பாத்து இருந்தாத்தான், பிரேக் போட்டா பிரேக்குன்னு அதுக்குப் புரியும். இப்படித் திருப்பி வெச்சுட்டம்னா, வண்டி நிக்கறப்ப ஓடறோம்னு நெனச்சுக்கும். வெளிய இருக்கற வரைக்கும் செயற்கைக்கோள் புடிச்சு இழுத்துட்டு வந்துரும். அடியில போயிட்டா எங்க போறோம்னு அதுக்கே தெரியாது."

பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வியாழக்கிழமை வந்து பெட்டியைத் திறந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

என் டீ ஆறிவிட்டது. இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்று லீவு. ஆனாலும் ஆபீசுக்குப் போனேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. வண்டியைக் கழுவினேன். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்தேன். ஸ்பேனரை அதன் இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

பெட்டியைத் திறந்தார்கள். ரகுநாதன் சார், மயில்சாமி, தாரணி அம்மிணி. டார்ச் நான் பிடித்தேன்.

முன் என்று எழுதிய பக்கம் ரோட்டைப் பார்த்துத்தான் இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்றார் சார். தாரணி அம்மிணி குனிந்து நெடுநேரம் பார்த்தாள். டேப்பை விரலால் தடவினாள்.

"கணக்குல பாத்தா பெட்டி திரும்பி இருந்த மாதிரியே இருக்குது. கண்ணுல பாத்தா நேரா இருக்குது. நான் எதை நம்பறது?"

பிறகு அவள் என் பக்கம் திரும்பாமலே, டார்ச்சை ஆட்ட வேண்டாம் அப்புச்சி என்றாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வண்டி பாலத்துக்கு அடியில் மறுபடியும் போனது. எல்லாம் சரியாக வந்தது. கம்பம் கம்பத்தின் இடத்தில், மூடி மூடியின் இடத்தில். இதோடு தீர்ந்தது என்று நான் நினைத்தேன். அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகக்கூட நினைத்தேன். அதை எழுதவே கூசுகிறது.

தீரவில்லை. பெட்டி நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, அப்படியானால் இரண்டு வாரம் தப்பு செய்தது யார் என்று சார் கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயம்தான். தாரணி அம்மிணி பழைய கணக்கையெல்லாம், பெட்டி திரும்பி இருந்ததாக வைத்துக்கொண்டு, மறுபடி போட்டுப் பார்த்தாளாம். பேக்கரிக் கம்பம் தானாக வெளியே வந்து ரோட்டோரம் நின்றுவிட்டதாம். அதை எடுத்துக்கொண்டு சாரிடம் போனாள். நான் அப்போது ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கோபமாகப் பேசவில்லை, அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"பெட்டி நேரா இருந்தத நானே பாத்தேன். நீயும் பாத்தே. காரணமே இல்லாம, பொருந்துதுங்கறதுக்காகக் கணக்கத் திருப்பினா அதுக்கு என்னம்மா பேரு? வேலை குடுத்தவங்ககிட்ட நான் இத எப்படிக் கொண்டுபோய் வெக்கட்டும்?"

எழுத்தில் விளக்கம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கொடுக்க முடியாவிட்டால் நவம்பர் 7 வெள்ளிக்கிழமைதான் வேலையில் அவளுக்குக் கடைசி நாள்.

டீச்சர் சென்ற வாரப் பக்கங்களைத் திருத்திக் கொடுத்தார். 'துடைத்தேன்' என்பதில் 'டை' சரியாக இல்லை என்று சிவப்பு மையில் எழுதிக் காட்டியிருந்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. சொன்ன சொல் தவறாதவர்.

நவம்பர் 2, ஞாயிறு

வகுப்பில் கடிதம் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். 'ஐயா, வணக்கம்' என்று ஆரம்பிக்க வேண்டும். ஐயா வரை எழுதினேன்.

மழை. மரகதம், சோற்றை எண்ணி எண்ணித் தின்கிறீர்களே என்றாள்.

நவம்பர் 5, புதன்

இன்று தாரணி அம்மிணி மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறதே என்றேன். விளக்கம் என்று எழுத என்ன இருக்கிறது என்றாள். முகம் வற்றிப் போயிருந்தது. மேஜை மேல் நாலைந்து பேனா இருந்தது. அதையெல்லாம் ஒரு ரப்பர் பேண்டில் கட்டி என் கையில் கொடுத்தாள்.

"இனி எழுதறது நீங்கதானுங்க அப்புச்சி. நான் படிச்சது எனக்கு மறந்துருச்சாட்ட இருக்குது. நேரா இருக்கறது கோணலாத் தெரியுது."

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன். அந்தப் பேனாவில் ஒன்றால்தான் இதை எழுதுகிறேன்.

இதுவரை எழுதாததை இப்போது எழுதுகிறேன். 21ஆம் தேதி நான் வண்டி கழுவப் போகவில்லை. பெட்டியைத் திருப்பி, முன்பு இருந்தபடி வைக்கப் போனேன். வைத்தேன். சந்தனத்தின் சுவடு தெரியக் கூடாது என்று டேப்பை எச்சில் தொட்டுத் துடைத்தேன். 23ஆம் தேதி டார்ச் நான் பிடித்தேன் என்று மட்டும் எழுதியிருக்கிறேன். சும்மா பிடிக்கவில்லை. பேசாமல் இருப்பதற்காகப் பிடித்தேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். அது கொஞ்சம்தான். லாரியில் இருந்தபோது எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை டீசல் மூடியைப் போட மறந்து, ஈரோடு வரை ரோடு முழுக்க ஒழுகவிட்டு, அறை வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் வலித்தது, ஆறிற்று. இது அப்படி இல்லை. படிக்கத் தெரியாத காலத்தில் நான் எதையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். இது என்ன, எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கேட்பேன். கேட்பதற்கு வெட்கப்பட்டதே இல்லை. ஒரு சொல் படித்தேன், அன்றிலிருந்து கேட்பதை விட்டுவிட்டேன். முன் என்று படித்தேன். எதற்கு முன் என்று கேட்கவில்லை. என்னைப் படிக்க வைத்த பெண்ணின் வேலை, நான் படித்த முதல் சொல்லால் போகிறது. இதைச் சொன்னால் கை தட்டியவர்கள் எல்லாம் என்ன நினைப்பார்கள் என்பதுதான் என் பயம். இப்படி ஒரு அற்பமான பயம் எனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

பாலத்துக்கு அடியில் போன வண்டி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பேசாமல் இருந்தேன், ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன்.

நாளை சொல்ல வேண்டும்.

நவம்பர் 6, வியாழன்

சொல்லவில்லை. அவள் காலையில் வரவில்லை, மதியம் வந்தாள், வந்தபோது மயில்சாமி கூட இருந்தார். இதெல்லாம் காரணம் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். மரகதம் வகுப்பு சாயங்காலம்தானே என்றாள். ஆபீசில் படித்துக் காட்ட வேண்டும் என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. வேட்டியை மாற்றிக்கொள்ளச் சொன்னாள்.

பதினோரு மணிக்கு ரகுநாதன் சார் அறைக்குள் போனேன். தாரணி அம்மிணி ஏதோ தாளில் கையெழுத்துப் போட வந்து நின்றுகொண்டிருந்தாள். மயில்சாமி வண்டிச் சாவி கொடுக்க வந்தவர் கதவோரம் நின்றார். ஒரு விஷயம் இருக்கிறது என்றேன். அப்புறம் வார்த்தை வரவில்லை. சார் உட்காருங்கள் என்றார். நான் உட்காரவில்லை. நோட்டைத் திறந்து, அக்டோபர் முதல் தேதிப் பக்கத்தை எடுத்து, விரலை வரிக்கு அடியில் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

என் படிப்பு மெதுவாகத்தான் வரும். சத்தமாகப் படித்தால் இன்னும் மெது. முதலில் சாருக்குப் புரியவில்லை, புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் படித்துக் காட்டவே வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். மயில்சாமி, பரவாயில்லையே என்று மெல்லச் சொன்னார். டயர், மண், பத்தாம் நம்பர் ஸ்பேனர், நாலு போல்ட். அந்த இடத்தில் தாரணி அம்மிணி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று தெரியும். முன், முன், முன் என்று மூன்று தடவை எழுதியிருந்தேன். மூன்றையும் படித்தேன். எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு வரியும் வாயில் மண்ணாக இருந்தது. பிள்ளையாரைப் படித்தேன். நம்மைப் பார்க்கும்படி வைத்தேன் என்று படித்தேன். பிறகு தாளைத் திருப்பி 21ஆம் தேதியைப் படித்தேன். அது நாலைந்து வரிதான். அப்புறம் புதன்கிழமை எழுதியதைப் பாதி படித்தேன். மீதிக்குக் கண் தெரியவில்லை.



"இருபத்தி மூணாந் தேதி டார்ச் புடிச்சது நீங்கதானுங்களே" என்றார் சார்.

ஆமாங்க என்றேன். அவர் அதற்கு மேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

தாரணி அம்மிணி கேட்டாள். குரல் என்னிடம் பேசுகிற குரலாக இல்லை, கணக்குப் போடுகிற குரலாக இருந்தது. "முழுசாத் திருப்பினீங்களா, பாதியா?"

"முழுசாத்தானுங்க அம்மிணி. நேர் எதிர்ல."

"ஒண்ணாந் தேதி காலையில இருந்து இருபத்தொண்ணு வரைக்கும். நடுவுல வேற தொட்டீங்களா?"

"இல்லீங்க."

நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். அக்டோபர் முதல் தேதிப் பக்கம், புதன்கிழமைப் பக்கம் இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். தேதியும் என் கோணல் எழுத்தும் தெரிகிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை மேஜை மேலேயே விட்டுவிட்டுத் தன் கம்ப்யூட்டருக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

மயில்சாமி வெளியே என்னிடம் வந்து நின்றார். கேலி செய்வார் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் போனார்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

கம்பம், மூடி எல்லாம் வெளியே வந்து தம் தம் இடத்தில் நின்றுவிட்டன. இந்த முறை காரணமும் கூட இருக்கிறது. வேலை கொடுத்தவர்களிடம் காட்ட, என் நோட்டின் இரண்டு பக்கமும் ரிப்போர்ட்டின் கடைசியில் சேர்ந்து போகிறதாம். எஸ்தர் டீச்சரின் சிவப்பு மையோடு. ரகுநாதன் சார் தாரணி அம்மிணியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். அவள் சரி என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை வேலைக்கு வருவாள்.

என்னைப் போகச் சொல்லவில்லை. இனி வண்டிக்கு வெளியே மட்டும் கழுவ வேண்டும், உள்ளே யாராவது கூட இருந்தால்தான் ஏற வேண்டும் என்றார் சார். அது சரிதான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மரகதத்திடமும் சொன்னேன். பெருமைப்பட்டு வேட்டி மாற்றச் சொன்னவளிடம் சொல்வது சாரிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தப் பிள்ளை எத்தனை நாள் சோறு இல்லாமல் இருந்ததோ என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை. என் சோற்றை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் தாரணி அம்மிணி வண்டிப் பக்கம் வந்தாள். நான் டயர் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொன்னாள். பெட்டி மூடி திறந்திருந்தது. நான் எச்சில் போட்டுத் துடைத்ததில் பழைய டேப்பில் மை கரைந்து, எழுத்து மங்கிவிட்டிருந்தது. அதை உரித்து எடுத்திருந்தாள். புது டேப் ஒரு துண்டும் மார்க்கரும் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்க ஐயா."

ஐயா என்றாள். அவள் இங்கே வேலைக்கு வந்த ஐந்து வருடத்தில் முதல் தடவை.

நான் எழுதுவதற்கு முன் கேட்டேன். கேட்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "எதுக்கு முன்னுங்க அம்மிணி? எந்தப் பக்கமுன்னு ஒருக்காக் காட்டீருங்க."

அவள் கையை நீட்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோட்டைக் காட்டினாள். வண்டி எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம். அது ஒன்றுதான் முன், நாம் எங்கே உட்கார்ந்திருந்தாலும், என்றாள்.

எழுதினேன். மு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ன் மேல் வைத்த புள்ளி பெரிதாகிவிட்டது. வேறு துண்டு கேட்டேன். இதுவே போதும் என்று வாங்கி, அவளே ஒட்டினாள். ரோட்டைப் பார்த்த பக்கத்தில். டார்ச் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். மூடியைப் போட்டுவிட்டு இறங்கினாள். பொழுதோடு வீட்டுக்குப் போங்கள், மழை வரும் போல இருக்கிறது என்றாள். அதிலும் அப்புச்சி இல்லை.

டீச்சரிடம் இந்த நோட்டைக் கொடுக்கும்போது, இனிமேல் எழுத்தோடு விஷயத்தையும் படிக்கலாம் என்று சொல்லப் போகிறேன்.

நாளை வண்டி மறுபடி பாலத்துக்கு அடியில் போகிறது. மீதி ஆறு நாள் வேலை. ஆறு நாளும் அவள் என்னை எதையாவது சொல்லிக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும், தண்ணீர் எடுக்கவோ, கதவைச் சாத்தவோ. எப்படிக் கூப்பிட்டாள் என்பதை, அது எதுவாக இருந்தாலும், துடைக்காமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே எழுதிவைக்கிறேன்.